கைதுக்கும் வழக்கறிஞருக்கும் இடைப்பட்ட நேரம்: கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை

1941 மே மாதம், கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியிருந்த வேளையில் ஆர்.எச். நாதன் கைதானார். அவர் 'தமிழ் நேசன்' துணையாசிரியர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர். வழக்கு விசாரணை ஏதுமின்றி அவரை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கொந்தளித்த தொழிலாளர்கள் மீது படை ஏவப்பட்டதில் ஐவர் மாண்டனர். அடுத்து வந்த அவசரகாலத்தில் விசாரணை உண்டு, அவகாசம் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச்சில் ஆயுதம் வைத்திருந்ததாகக் கைதானார்; மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இந்தப் பின்னணியோடுதான் 1957 அரசியலமைப்பின் 5ஆம் விதியைப் படிக்க வேண்டும். கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால், வழக்கறிஞரை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பதை விதி சொல்லவில்லை. பின்வந்த அரை நூற்றாண்டுச் சர்ச்சை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலேயே அடங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1975இல் ஊய் ஆ புவா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் விடை தந்தது. கைதான நாளிலேயே உரிமை பிறக்கிறது, ஆனால் உடனே அதைப் பயன்படுத்த முடியாது. போலீஸ் விசாரணைக்கும் இடம் விட வேண்டும் என்றார் தலைமை நீதிபதி சுஃபியான். நடைமுறையில் இது போலீஸ் கையில் கடிகாரத்தைக் கொடுத்ததற்குச் சமம். லாக்கப்பில் இருப்பவருக்கு முதல் சில மணி நேரமே ஆபத்தானது. அந்நேரத்தில் துணை இல்லாத உரிமை பாதி உரிமைதான்.

2005இல் போலீஸ் பற்றிய அரச ஆணையம் ரிமாண்ட் முறைகேடுகளைக் கண்டித்தது. அதன் தொடர்ச்சியாகத் திருத்தப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2007 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. புதிய 28A பிரிவின்படி, விசாரிக்கத் தொடங்கும் முன்பே உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தெரிவிக்கலாம் என்று கைதானவரிடம் போலீஸ் சொல்லியாக வேண்டும். வழக்கறிஞர் வர நியாயமான அவகாசமும் தர வேண்டும். ரிமாண்ட் வரம்பும் குறைந்தது: 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றங்களுக்கு முதலில் 4 நாள், பிறகு 3 நாள், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 7, பிறகு 7.

ஆனால் அதே 28Aயில் எட்டாவது உட்பிரிவு இருக்கிறது. உடந்தையாளர் தப்புவார், சாட்சியம் அழியும் என்று ஓர் உயர் அதிகாரி கருதினால் வழக்கறிஞரைத் தடுக்கலாம். 2009 மே 7 இரவு, பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் நிலையத்தின் முன் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடியவர்கள் கைதானார்கள். அவர்களைப் பார்க்கச் சென்ற கோலாலம்பூர் சட்ட உதவி மையத்தின் ஐந்து வழக்கறிஞர்களை, சட்டவிரோதமாகக் கூடியதாகச் சொல்லி அதே நிலையத்தில் கைது செய்தனர். பொது விசாரணை நடத்திய மனித உரிமை ஆணையமான சுஹாகாம், உரிமை மீறப்பட்டதென்று முடிவுசெய்தது. கட்சிக்காரருக்குத் துணை நிற்க வந்தவரையே அடைக்க முடியுமானால், கட்சிக்காரரின் நிலை என்ன? அதே ஆண்டு ஜனவரியில் சுபாங் ஜெயாவின் தைப்பான் போலீஸ் நிலையக் காவலில் ஏ. குகன் இறந்ததையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். அவர் குடும்பம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2013இல் எட்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு விதித்தது.

2012 இரு திசையிலும் இழுத்த ஆண்டு. ஏப்ரலில் தேசிய சட்ட உதவி அறவாரியம் பணியைத் தொடங்கியது. மரண தண்டனை வழக்குகள் நீங்கலாக, கைதான குடிமக்களுக்கு ரிமாண்ட் கட்டத்திலேயே இலவச வழக்கறிஞர் கிடைக்க வழி பிறந்தது. ஜூலை இறுதியில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவுக்குப் பதிலாக, பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டமான சோஸ்மா அமலானது. அதன்கீழ் போலீஸ் காவல் 28 நாள் வரை நீளலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம்.

கிள்ளான் தொழிற்பேட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைப்பவர்களின் நிலை இன்னும் கடினம். குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் பிடிபடும் வெளிநாட்டவருக்கு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் 24 மணி நேர வரம்பை அரசியலமைப்பே 14 நாளாக நீட்டி வைத்திருக்கிறது.