களியும் கறியும்

வத்தல்மலைக்குப் பஸ் போகாத காலத்தில் ஒரு முறை நடந்தே ஏறியிருக்கிறேன். பாதி வழியிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அப்போது தலையில் மூட்டையோடு ஒரு மலையாளிப் பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். (மலையாளி என்றதும் கேரளத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். நம் மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினருக்கே அந்தப் பெயர்.) வயது அறுபதுக்குக் குறையாது.

"பெரியவரே, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"கேவுருக் களியும் அவரைக்கொட்டைக் குழம்புந்தானுங்க. களி இல்லாட்டி கால் மலையேறுமுங்களா?" என்றார்.

இந்தப் பதில் சென்ற மாதம் மறுபடி என் நினைவுக்கு வந்தது. என் அக்காள் மகன் போலீஸ் வேலைத் தேர்வுக்குத் தயாராகிறான். தகப்பனில்லாத பிள்ளை, வயது வரம்போ நெருங்கிவிட்டது. உடம்பு முறுக்கேற வேண்டும் என்று சோறு, களி எல்லாவற்றையும் விட்டுவிட்டு முட்டையும் கோழியுமாகச் சாப்பிட்டான். புஜம் என்னவோ பருத்தது. ஆனால் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடிப் பழகும்போது மூன்றாவது சுற்றில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, மாவுப் பண்டம் தசையை வளர்க்காது என்கிறார்களே?" என்று கேட்டான். அக்காள் என் முகத்தைப் பார்த்தாள்.

இது அவனுக்கு மட்டும் உண்டான சந்தேகமல்ல. நூற்றெண்பது வருஷத்துப் பழைய வழக்கு. ஜெர்மனியில் லீபிக் என்ற ரசாயன மேதை, தசை வேலை செய்யும்போது தன்னிலுள்ள புரதத்தையே எரிக்கிறது என்று 1840-களில் சொன்னார். பெரிய மனிதர் சொன்னால் மறுபேச்சு ஏது? உழைப்பாளிக்கு இறைச்சியே பலம் என்று உலகம் நம்பியது.

ஜூரிச் நகரத்துப் பேராசிரியர்களான ஃபிக், விஸ்லிசீனஸ் இருவரும் மட்டும் நம்பவில்லை. 1865 ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஸ்விட்ஜர்லாந்தின் ஃபால்ஹார்ன் சிகரத்தில் ஏறினார்கள். ஏரிக் கரையிலிருந்து 1956 மீட்டர் உயரம். முதல் நாள் முதலே புரதம் தொடவில்லை. கொழுப்பில் பொரித்த மாவுப் பணியாரமும் சர்க்கரை போட்ட தேநீருமே ஆகாரம். வழியெல்லாம் சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள நைட்ரஜனை அளந்தார்கள். உடலில் எவ்வளவு புரதம் எரிந்தது என்பதற்கு அதுதான் கணக்கு. அந்தப் புரதம் முழுவதையும் சேர்த்தாலும், மலையேறிய வேலையில் சுமார் பாதிக்குத்தான் காணும் என்று தெரிந்தது. மீதியைச் செய்தவை மாவும் கொழுப்புமே!

நம் நாட்டிலும் ஒரு பரீட்சை நடந்தது. குன்னூர் ஆராய்ச்சிசாலையில் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர், 1920-களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பிரதேசத்துச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று முதலிடம் பெற்றன. சென்னை ராஜதானிச் சாப்பாடு தின்றவை கடைசி! உடனே, அரிசி தின்பவன் நோஞ்சான் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் சீக்கியரின் சாப்பாட்டிலும் பெரும் பங்கு கோதுமை ரொட்டி, அதாவது மாவுதான். கூடவே பாலும் நெய்யும் பருப்பும் காய்கறியும் இருந்தன. நாமோ தவிட்டைத் தீட்டி எறிந்த வெள்ளைச் சோற்றை மட்டும் மலையாகக் குவித்துக்கொண்டிருந்தோம். குற்றம் தானியத்தின் மீதல்ல. துணையில்லாத தானியத்தின் மீது.

பின்னர் 1960-களில் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் தசைக்குள்ளேயே ஊசி செலுத்திப் பார்த்தார்கள். மாவுச்சத்துத் தசையில் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அது தீர்ந்தால் கடும் உழைப்பு நின்றுவிடுகிறது. மாவு மிகுந்த உணவு உண்டவர்கள், புரதமும் கொழுப்புமாக உண்டவர்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் சைக்கிள் மிதித்தார்கள்.

அப்படியானால் தீர்ப்பு என்ன? மருமகன் சொன்னதில் பாதி உண்மை உண்டு. தசை கட்டுவதற்குச் செங்கல் புரதம், பயிற்சிதான் கொத்தனார். மாவில்லாமல் போனால் ஈரல் புரதத்திலிருந்தே கொஞ்சம் சர்க்கரை செய்துகொள்ளும். ஆகையால் மாவின்றித் தசை வளரவே வளராது என்று சொல்ல முடியாது. ஆனால் செங்கல்லை உடைத்து அடுப்பெரிப்பது என்ன சிக்கனம்? வேகமாக ஓடுகிறவனுக்கு மாவே நல்ல விறகு.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். அவன் பதில் பேசவில்லை. அக்காள் மட்டும் உள்ளே போய், ஒரு உருண்டைக் களியைக் கொண்டுவந்து முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் இரண்டையும் சாப்பிட்டான்.

ஓட்டத் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. காலையில் அவன் ஓடும்போது நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவது சுற்றில் இப்போது உட்காருவதில்லை.