பூஜா பந்தாய்: பெயரும் வழிபாடும்

சிலாங்கூர் மாநிலத்துக் கேரித் தீவில் வாழும் மா மெரி மக்கள், தீபகற்ப மலேசியப் பூர்வகுடியினருள் கடலைச் சார்ந்து வாழும் ஒரு பிரிவினர். தொகையால் சில ஆயிரவரே. அவர்தம் மொழி, மொன், கெமர் மொழிகளோடு உறவுடைய ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்தது. அவர்கள் ஆண்டுதோறும் கடலுக்குப் படையலிடும் சடங்கு 'பூஜா பந்தாய்' எனப்படும். 'பந்தாய்' என்பது மலாய்மொழியில் கடற்கரை. 'பூஜா' நாம் நன்கறிந்த வடசொல். இச்சொல் ஒன்றையே சான்றாகக் கொண்டு, இதனை இந்தியச் சமயத்தின் எச்சமெனக் கூறுதல் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கடல் வற்றிய வேளையில், சேற்றுக் கரையில் மரக்கால்களின்மேல் எழுப்பிய மேடையில் படையல் வைக்கப்படுகிறது. பூசாரி கெமெஞான் புகையிட்டு 'மோயாங்' எனப்படும் மூதாதையர் ஆவிகளை அழைக்கிறார். ஆடவர் மர முகமூடியும் மகளிர் ஓலைப் பின்னலும் அணிந்து ஆடுகின்றனர். நீர் ஏறுமுன் சடங்கு நிறைவுற வேண்டும்.

இதன் உட்பொருளை அறிய, மானிடவியலாளர் வாசிர் ஜஹான் கரீம் 1981இல் வெளியிட்ட ஆய்வு துணைபுரிகிறது. பிற உயிர்கள் மனிதர்க்கு உணவாகுமாறு சபிக்கப்பட்டவை என்பது 'துலா' என்னும் கருத்து. அவையும் மனிதரை ஒத்தவை, அவற்றை அழித்தால் கேடு சூழும் என்பது 'கெமாலி'. மீனை உண்ணாமல் வாழ இயலாது; அதன் உயிரை எளிதாகக் கருதவும் இயலாது. இவ்விரு நிலைகட்கும் இடையே நிற்கும் மக்களின் விடையாகவே நாம் இப்படையலைக் கொள்ளலாம். இச்சிந்தனை இந்தியாவிலிருந்து வந்ததன்று. இரவல் பெற்றது பெயர் மட்டுமே.

தமிழிலும் இதற்கு ஒப்புமை உண்டு. தொல்காப்பியம் நெய்தல் நிலத்திற்கு வருணனைத் தெய்வமாகச் சுட்டுகிறது. ஆயினும் பட்டினப்பாலை காட்டும் புகார்ப் பரதவர், முழுநிலா நாளில் மீன்பிடித்தலை விடுத்து, சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகின்றனர். ஆங்கும் இலக்கணம் தந்த தெய்வப்பெயர் வேறு. கரையில் நின்றோர் கைக்கொண்ட வழிபாடு வேறு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வாலன்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் முயற்சியால் இத்தீவு ரப்பர்த் தோட்டமாயிற்று. அவர் பெயரே தீவுக்கும் நிலைத்தது. கடல்நீரைத் தடுக்கக் கரைகள் எழுந்தன. பின்னர் செம்பனை பரவியது. நம் முன்னோர்க்கு வேலை தந்த தோட்டத் தொழிலே பூர்வகுடியினரின் நிலத்தைச் சுருக்கியது. ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் காவல் தெய்வங்களின் நிலை என்னவாயிற்று என்பதைப் பேராக் தமிழர் அறிவர். சிலையைப் பெயர்த்து நகரில் நிறுவலாம். ஏற்றவற்றம் உள்ள கரையைப் பெயர்க்க இயலாது. கேரித் தீவில் புதிய துறைமுகம் அமைப்பது குறித்துப் பேச்சு எழுந்துள்ள இக்காலத்தில் இவ்வேறுபாடு கருதத்தக்கது.

எனவே, இச்சடங்கை நம் பண்பாட்டின் கிளையென உரிமை கொண்டாடுவதினும், அம்மக்கள் தம் மொழியிலேயே விளக்கக் கேட்டுப் பதிவு செய்தலே நம் ஆய்வாளர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரிய பணியாகும். நெய்தல் திணையை வகுப்பில் கற்பிக்கும்போது, நம் நாட்டின் கரையிலேயே வாழும் இந்நெய்தல் மக்களையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்தலாம்.