இளம்பிள்ளை வாதமும் மூவகை வைரசும்

1962ஆம் ஆண்டு இலங்கையில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. முற்றத்தில் ஓடி விளையாடிய குழந்தை, சில நாட் காய்ச்சலின் பின் கால் துவண்டு கிடந்தது. அவ்வாண்டிலேயே வாய்வழிச் சொட்டு மருந்து இந்நாட்டிற் புகுத்தப்பட்டது. பின்னர் பல்லாண்டு காலம் தெஹிவளைத் தாய்மார் தம் மகவின் நாவில் இடுவித்த அச்சிறு துளியினுள், மூவகை வைரசுகள் வலுக்குன்றிய நிலையில் அடங்கியிருந்தன. ஒன்றன்றி மூன்று ஏன்?

இவ்வைரசு வாய்வழி புகுந்து குடலிற் பெருகி, மலத்துடன் வெளியேறி, அழுக்குற்ற நீராலும் கையாலும் பிறரை அடைவது. தொற்றியோருட் சிலருக்கே அது நரம்புகளைத் தாக்கும். எல்லாம் ஒரே நோயை விளைத்தமையால், கிருமியும் ஒரே வகையினதென முன்னாளில் அறிஞர் பலர் எண்ணினர். 1931இல் அவுஸ்திரேலியாவில் பேர்னெற், மக்னமாரா என்னும் இருவர் இக்கருத்தை அசைத்தனர். ஒருவகை வைரசுக்கு எதிராக உண்டாகிய காப்பு மற்றொன்றைத் தடுக்கவில்லை என அவர்கள் கண்டனர்.

1949இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் போடியன், மோர்கன், ஹோ ஆகியோர் மூன்று வகைகளை வேறுபடுத்திக் காட்டினர். எனினும் நான்காவது வகை எங்கேனும் ஒளிந்திருப்பின் தடுப்பு மருந்து பயனற்றுப்போகுமன்றோ? ஆகவே பல பல்கலைக்கழகங்கள் கூடி, பல்லாயிரம் குரங்குகளைக் கொண்டு, 196 வைரசு மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தன. 1951இல் வெளியான முடிவின்படி அனைத்தும் அம்மூன்றனுள்ளேயே அடங்கின. முதல் வகைக்குப் 'புருன்ஹில்டே' என்னும் மனிதக்குரங்கின் பெயரும், இரண்டாவதற்கு லான்சிங் என்னும் நகரின் பெயரும், மூன்றாவதற்கு லியோன் என்னும் சிறுவனின் பெயரும் வழங்கின. இவ்வெண்ணிக்கை உறுதியான பின்னரே சோல்க்கின் ஊசி மருந்தும் சேபினின் சொட்டு மருந்தும் எழுந்தன.

வகைப்படுத்தும் பணி அத்துடன் முடிந்துவிடவில்லை. கை கால் திடீரெனத் தளர்ந்த பிள்ளையின் மலமாதிரி கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பப்பட்டு ஆராயப்படுகின்றது. இலங்கையில் ஈற்று நோயாளி 1993இற் காணப்பட்டார். 2014 மார்ச் 27இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. இயற்கையாகப் பரவும் இரண்டாம் வகை 2015இலும், மூன்றாம் வகை 2019இலும் உலகினின்று ஒழிந்தனவென அறிவிக்கப்பட்டன. 2016 ஏப்ரலில் இரண்டாம் வகை சொட்டு மருந்தினின்றும் நீக்கப்பட்டது.

முதல் வகை மட்டும் இன்னும் ஒழியவில்லை. எஞ்சிய பகை இதுவெனப் பெயர் சுட்டி அறிய முடிவது, அன்று பொறுமையுடன் வகை பிரித்தோர் ஈட்டித் தந்த பயனாகும்.