கலமும் இழையும்: உயிரணுவியல் கலைச்சொற்களில் நெசவின் தடம்

ஆய்வுச் சுருக்கம்

உயிரணுவின் அமைப்பையும் செயலையும் விளக்கும் ஐரோப்பியக் கலைச்சொற்களுள் முதன்மையான சில, தறியிலிருந்தும் நூலிலிருந்தும் பிறந்தவை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அவற்றைப் பொருளறிந்து பெயர்த்தன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒலிபெயர்த்தன. கலம், செல், உயிரணு, இழையம், திசு, இழைமணி, மைட்டோகாண்டிரியா ஆகிய சொற்களின் வரலாற்றை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. கலைச்சொல் தேர்வு என்பது அச்சொல் குறிக்கும் பொருளைப் பற்றிய ஒரு விளக்கமும் ஆகும் என்பதைக் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுச் சூழலை முன்வைத்து நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உயிரணு, கலம், இழையம், திசு, இழைமணி, கலைச்சொல்லாக்கம், காஞ்சிபுரம், பட்டு நெசவு

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில், 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஒன்றும் அங்கே இயங்குகிறது. மருத்துவ மாணவர் தம் முதலாண்டிலேயே திசுவியல் கற்கிறார். சாயமேற்றிய மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்து, உயிரணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதே அப்பாடத்தின் தொடக்கம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், காஞ்சிபுரத்துத் தெருக்களில், பாவும் ஊடையும் சேர்ந்து பட்டாகின்றன.

இந்த இரு வேலைகளுக்கும் சொல்லளவில் தொடர்பு உண்டு. ‘திசு’ என்று நாம் எழுதும் சொல்லின் பிரெஞ்சு மூலத்திற்கு ‘நெய்யப்பட்டது’ என்பதே பொருள். திசுவியலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் முதற்பகுதியான ‘ஹிஸ்டோஸ்’, கிரேக்கத்தில் தறியையும் தறியில் நெய்த துணியையும் குறித்தது. தறி ஓசை கேட்டு வளர்ந்த மாணவர் ஒருவர் திசுவியல் வகுப்பில் அமரும்போது, தம் வீட்டுத் தொழிலின் சொல்லையே அடையாளம் தெரியாத உருவில் சந்திக்கிறார். அச்சொல் அவருக்கு ஏன் அந்நியமாக வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஹூக்கின் நூலில் பட்டு

உயிரணுவின் வரலாற்றை எழுதுவோர் ராபர்ட் ஹூக்கின் ‘மைக்ரோகிராபியா’விலிருந்து (1665) தொடங்குவது வழக்கம். தக்கைச் சீவலில் அவர் கண்ட சிறு அறைகளுக்கு இட்ட பெயரே ‘செல்’. இலத்தீனில் அது சிற்றறையைக் குறிக்கும் சொல். ஒரு கன அங்குலத் தக்கையில் ஏறத்தாழ 120 கோடி அறைகள் இருக்கும் என்றும் அவர் கணக்கிட்டார். அவர் கண்டவை உயிரற்ற சுவர்களே. உள்ளிருந்த உயிர்ப்பொருள் எப்போதோ மறைந்துவிட்டது. ஆக, ‘செல்’ என்பது உயிரைக் காணாமல் உறையை மட்டும் கண்டு வைத்த பெயர்.

தக்கையைப் பற்றியது அந்நூலின் 18ஆவது நோக்கீடு. அதற்கு வெகு முன்னரே, மூன்றாம் நோக்கீடு மெல்லிய துணியையும், நான்காவதும் ஐந்தாவதும் பட்டுத் துணிகளையும் ஆராய்கின்றன என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. பட்டிழையின் பளபளப்புக்குக் காரணம் தேடிய ஹூக், புழு இழுத்து நூலாக்கும் பசையைப் போன்ற ஒன்றைச் செயற்கையாகச் செய்து நூலாக இழுக்க இயலும் என்றும் அங்கே கருதுகிறார். உயிரணுவுக்குப் பெயரிட்ட நூல், அந்தப் பெயரை அடையும் முன் பட்டைப் பார்த்துவிட்டே வந்தது.

அடுத்து வந்தவர்களும் துணியின் உவமையை விடவில்லை. இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி 1669இல் பட்டுப்புழுவின் உள்ளுறுப்புகளை விரிவாக வரைந்து வெளியிட்டார். 1682இல் நெகேமியா குரூ தாவரங்களின் உட்கட்டமைப்பை மகளிர் பின்னும் சரிகைப் பின்னலுக்கு ஒப்பிட்டார். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேவியர் பிஷா, உடலை 21 வகை ‘நெசவு’களாகப் பகுத்தார். அவர் நுண்ணோக்கியை நம்பாதவர். கையால் உரித்தும் ஊறவைத்தும் பிரித்துமே அவற்றை அறிந்தார். துணியின் தரத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்பவரின் முறைக்கு இது மிக அண்மையானது.

ஷிலெய்டன் (1838), ஷுவான் (1839) ஆகியோரின் உயிரணுக் கொள்கைக்குப் பின்னும் இழை தொடர்ந்தது. பிரியும் உயிரணுவின் உட்கருவில் நூல் போன்ற உருவங்கள் தோன்றுவதைக் கண்ட வால்தர் பிளெமிங், 1882இல் அந்நிகழ்வுக்கு ‘மைட்டாசிஸ்’ என்று பெயரிட்டார். ‘மிட்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் நூல். பாவு நூலையும் அது குறிக்கும். 1898இல் கார்ல் பெண்டா உயிரணுவினுள் நூலாகவும் மணியாகவும் தெரிந்த துகள்களுக்கு அதே ‘மிட்டோஸ்’ஓடு மணியைக் குறிக்கும் ‘காண்டிரோஸ்’ஐச் சேர்த்து ‘மைட்டோகாண்டிரியா’ என்றார்.

இரு கரைகள்

இச்சொற்கள் தமிழுக்கு வந்த பாதை ஒன்றன்று. யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘மனுஷ சுகரணம்’, ‘இரண வைத்தியம்’ போன்ற நூல்களைத் தந்தார். முதலில் தமிழில் தேடுதல், கிடைக்காவிடில் வடமொழியை நாடுதல், அதன் பின்னரே ஆங்கிலத்தை ஒலிபெயர்த்தல் என்பது அவரது நெறி. ‘கெமிஸ்தம்’ போன்ற பெயர்கள் அந்நெறியின் கடைசிப் படிக்குச் சான்று.

தமிழகத்தில் 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோரின் முயற்சியால் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ‘கலைச்சொற்கள்’ தொகுப்பை வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு, வடமொழிச் சார்புடையதென்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது, இங்கே விரிக்கவில்லை. ஆனால் அவ்வாதங்கள் பெரும்பாலும் தமிழா வடமொழியா என்பதைச் சுற்றியே நிகழ்ந்தன. சொல் தான் குறிக்கும் பொருளை எவ்வளவு விளக்குகிறது என்னும் வினா அந்த ஆரவாரத்தில் பின்தங்கியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இலங்கையில் தாய்மொழிவழி அறிவியற் கல்வி உயர்வகுப்பு வரை சென்றதால் கலைச்சொல் அரசின் உடனடித் தேவையாயிற்று. அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தேர்வுத்தாளும் பாடநூலும் ஒரே சொல்லை ஆண்டன. தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வி தமிழில் நிகழ்ந்தாலும், மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நின்றது. மேல்வகுப்பில் எப்படியும் ஆங்கிலச் சொல்லைத்தான் சந்திக்கப்போகிறார் என்றால் மாணவருக்கு இரண்டு சொல் எதற்கு என்னும் எண்ணம் ஒலிபெயர்ப்புக்குத் துணைநின்றது. இதை எளிதில் புறந்தள்ள முடியாது. ஏனாத்தூரின் மருத்துவ வகுப்பில் நுழையும் தமிழ்வழி மாணவர்க்கு ‘மைட்டோகாண்டிரியா’ ஏற்கெனவே பழகிய ஒலி. பழகியது ஒலி மட்டும்தான் என்பதே குறை.

கலம், செல், உயிரணு

ஒரே பொருளுக்கு வழங்கும் இம்மூன்று சொற்களும் மூன்று வேறு விளக்கங்கள். ‘செல்’ தமிழ்க் காதுக்கு எதையும் காட்டுவதில்லை. அந்த வெறுமையால் எந்தத் தவறான படத்தையும் தருவதில்லை என்னும் நன்மை அதற்குண்டு. (கறையானைக் குறிக்கும் பழைய ‘செல்’ இன்று பெரிதும் வழக்கொழிந்தது நல்வாய்ப்பே.) இலங்கை வழக்கான ‘கலம்’ ஏனத்தையும் மரக்கலத்தையும் 12 மரக்கால் கொண்ட நெல்லளவையும் குறிக்கும் சொல். ஹூக்கின் சிற்றறையைப் போலவே இதுவும் அமைப்பின் பெயர். ஆயினும் அறையைவிடக் கலம் மேலானது. அறை வெறுமையாக இருக்கலாம். கலம் ஒன்றைக் கொள்வதற்கென்றே ஆனது. ‘கலமென்சவ்வு’, ‘குழியவுரு’ என்று உள்ளும் புறமுமாக அடுத்த சொற்கள் அதன்மேல் எளிதில் அமைகின்றன.

‘உயிரணு’ அமைப்பை விட்டுச் செயலைப் பற்றுகிறது. உயிரின் மிகச்சிறு அலகு என்பது ஷுவானின் கொள்கைக்கும், ஒவ்வோர் உயிரணுவும் மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றும் என்ற ரூடால்ப் விர்கோவின் கூற்றுக்கும் மிகப் பொருந்தும். ஆனால் நாளிதழ்களின் மருத்துவப் பகுதிகளில் ‘உயிரணு எண்ணிக்கை’ என்பது விந்தணுக்களின் எண்ணிக்கையையே குறிக்கிறது. ஒரு செம்மையான சொல், வெளிப்படையாகச் சொல்லக் கூசியவர்களின் இடக்கரடக்கலாகிப் பாதி கெட்டது. பாடநூல்கள் ‘செல்’லில் நிலைத்ததற்கு இதுவும் துணைசெய்திருக்கலாம்.

இழையமும் திசுவும்

‘இழையம்’, ‘இழைமணி’, ‘இழையுருப்பிரிவு’ என்னும் இலங்கைச் சொற்களை ஒருசேர நோக்கினால், பிஷாவும் பெண்டாவும் பிளெமிங்கும் மூன்று சொற்களில் வைத்த நெசவு உருவகம் ‘இழை’ என்னும் ஒரே வேரில் திரண்டிருப்பது புலனாகும். இணைப்புத் திசுவைத் ‘தொடுப்பிழையம்’ என்றதும் இவ்வழியிலேயே. இதனை வெறும் மொழிபெயர்ப்புத் திறன் என்று கடந்துவிட முடியாது. தமிழில் இவ்வுருவகத்திற்கு முன்னரே இடம் இருந்தது. நூல் இயற்றுதலைப் பஞ்சு, இழை, கதிர் ஆகியவற்றைக் கொண்டு நூல் நூற்றலோடு ஒப்பிட்டு விளக்குவது நன்னூற் பாயிரம். சொற்றொகுதி செய்தோர் அதை எண்ணியே செய்தனர் எனக் கூறச் சான்று வேண்டும். ஆனால் அச்சொற்கள் தமிழில் ஒட்டாமல் நிற்கவில்லை என்பது தெளிவு.

தமிழ்நாட்டு வழக்கில் இழை முழுதும் அறுந்துவிட்டது என்பதும் சரியன்று. ‘திசு’வும் ‘மைட்டோகாண்டிரியா’வும் ஒலிபெயர்ப்பாயினும், உட்கருப் பிரிவின்போது குரோமோசோம்களை இரு முனைகளுக்கும் ஈர்ப்பவற்றைப் பாடநூல்கள் ‘கதிர்கோல் இழைகள்’ என்கின்றன. இலங்கையில் அவை ‘கதிர்நார்கள்’. கதிர் என்பது நூல் நூற்கும் கருவி. நன்னூற் பாயிரத்தின் கதிரும் அதுவே. மைட்டாசிஸை ‘மறைமுகப் பகுப்பு’ என்றதிலும் ஒரு நேர்மை உண்டு. நேர்முகம், மறைமுகம் என்ற பாகுபாடு 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளரிடமே இருந்தது.

குரோமோசோமின் நிலை தலைகீழானது. வில்ஹெல்ம் வால்டையர் 1888இல் ‘நிறமுள்ள உடல்’ என்னும் பொருளில் இட்ட பெயரை இலங்கை வழக்கு ‘நிறமூர்த்தம்’ என்று சொல்லுக்குச் சொல் வடமொழி கலந்து பெயர்த்தது. இணையத் தமிழில் இன்று பரவலாக வழங்கும் ‘நிறப்புரி’, ‘உடல்’ என்பதை விட்டுவிட்டு முறுக்கிய நூலைக் குறிக்கும் ‘புரி’யை ஏற்றது. குரோமோசோம் உண்மையிலேயே சுருண்டும் முறுக்கேறியும் செறிந்த இழை.  மூலச்சொல்லில் இல்லாத உண்மையைப் பெயர்ப்பு சேர்த்துக்கொண்ட அரிய எடுத்துக்காட்டு இது.

பட்டுச் சுரப்பி: ஒரு பொருள், இரு தமிழ்

முசுக்கொட்டை இலையை உண்ணும் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பி இரண்டு நீண்ட குழல்களால் ஆனது. இழையின் உட்பொருளான ஃபைப்ரோயினைச் சுரக்கும் பின்பகுதியில் பக்கத்திற்கு ஏறத்தாழ 500 உயிரணுக்கள் உள்ளன. முட்டைக்குள் கரு வளரும்போதே அவற்றின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பின்னர் அவை பிரிவதில்லை. பிரியாமலே தம் டி.என்.ஏ.வை மீண்டும் மீண்டும் இரட்டித்து, பெரிய, கிளைத்த உட்கருவோடு பருக்கின்றன. 1972இல் யோஷியாகி சுசுகியும் டொனால்டு பிரவுனும் ஃபைப்ரோயினுக்கான தூது ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க இச்சுரப்பியைத் தேர்ந்ததற்கு, ஒரே புரதத்தைப் பெருமளவில் ஆக்கும் அதன் இயல்பே காரணம்.

இதனைத் தமிழ்நாட்டு மாணவர், ‘பட்டுச் சுரப்பியின் செல்களில் எண்டோபிளாச வலைப்பின்னல் மிகுந்துள்ளது, மைட்டாசிஸ் நிகழ்வதில்லை’ என்று எழுதுவார். யாழ்ப்பாணத்து மாணவர், ‘பட்டுச் சுரப்பியின் கலங்களில் அகமுதலுருச் சிறுவலை மிகுந்துள்ளது, இழையுருப்பிரிவு நிகழ்வதில்லை’ என்று எழுதுவார். ஒருவர் விடைத்தாளை மற்றவருடைய ஆசிரியர் திருத்த நேர்ந்தால் அகராதி வேண்டியிருக்கும். இரண்டிலும் பொதுவாக எஞ்சியது ‘வலை’. அதையும் யாரோ முடிந்தார்கள்.

தமிழ்நாட்டில் இனி ‘திசு’வை நீக்கி ‘இழையம்’ வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆணையிட்டு மாற்றிய சொற்கள் தேர்வோடு மறைவதைக் கண்டிருக்கிறோம். பாடநூலில் ‘திசு’ முதன்முதல் வரும் பக்கத்தில் அது நெசவின் பெயர் என்றும், இலங்கைத் தமிழில் ‘இழையம்’ எனப்படும் என்றும் ஒரு வரி சேர்க்கத் தடையேதும் இல்லை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. பாவு, ஊடை, புரி, முறுக்கு, வேறு நிற உடலையும் கரையையும் தறியிலேயே பிணைக்கும் கோர்வை எனக் காஞ்சிபுரத்துத் தறிக்கூடங்களில் வழங்கும் சொற்களைப் பொருளோடும் பயன்பாட்டோடும் தொகுத்து, உயிரியல் கலைச்சொற்றொகுதிகளோடு பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதே அது. ஏனாத்தூரிலிருந்து அதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.