பெயராற் பலியான புலவன்

சேக்ஸ்பியரின் "யூலியஸ் சீசர்" நாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் மூன்றாங் காட்சி ஏறக்குறைய 40 அடிகளே கொண்டது. சின்னா என்னும் புலவன் அதிலே தோன்றி அதிலேயே மடிகின்றான்.

இது வெறுங் கற்பனையன்று. கி. மு. 44இற் சீசரின் ஈமச் சடங்கு நிகழ்ந்தபோது, அவருடைய நண்பனாகிய எல்வியஸ் சின்னாவை, அவரைப் பழித்துரைத்த கொர்னேலியஸ் சின்னாவென மயங்கி ரோமாபுரி மக்கள் கொன்றனர் எனச் சுவேற்றோனியஸ் உரைப்பர். அவனைப் புலவனென்று குறித்தவர் புளூட்டாக். அவன் ஒன்பதாண்டு உழைத்து இயற்றிய "ஸ்மிர்னா" என்னும் காவியத்தில் இன்று எஞ்சியவை சில அடிகளே.

சேக்ஸ்பியர் இச்செய்திக்குப் புதுப்பொருள் தந்தனர். அவர் படைத்த புலவன், தான் சதிகாரன் அல்லன் என்று தெளிவாக உரைக்கின்றான். உரைத்த பின்னருங் கொல்லப்படுகின்றான். வரலாற்றில் மயக்கமாயிருந்தது நாடகத்தில் வெறியாயிற்று. மேடைகளில் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்த இக்காட்சி, 1937இல் ஓசன் வெல்ஸ் நியூயோர்க்கிற் பாசிசக் கோலத்தில் அந்நாடகத்தை மேடையேற்றியபோது, அக்கால ஐரோப்பாவின் அச்சத்தையே காட்டிற்று.

2012இல் றோயல் சேக்ஸ்பியர் கழகம் அரங்கேற்றிய "நான், புலவன் சின்னா" என்பது ரிம் குறௌச் இளையோர்க்கென எழுதிய தனிநடிப்பு நாடகம். சீசரின் கொலையை இங்கே சின்னாவே எடுத்துரைக்கின்றான். அவையோரையுங் கவிதை எழுதுமாறு தூண்டுகின்றான்.

இத்தூண்டுதல் வெறும் விளையாட்டன்று. கும்பலுக்குப் பெயர் ஒன்றே போதும். அது ஆளை நோக்குவதில்லை. தனக்குரிய சொல்லைத் தேடி எழுதத் தொடங்குபவனோ அக்கணமே கும்பலினின்றும் பிரிந்து தனிமனிதனாகின்றான். வரலாறு ஒரு குறிப்பாக விட்டுச்சென்ற புலவன் இளையோர்க்குப் புகட்டும் பாடம் இதுவேயாம்.