பேசாத விற்பனையாளன்

மார்க்கெட்டிங் பாடத்தில் பேக்கேஜிங்கைப் 'பேசாத விற்பனையாளன்' என்று படித்திருப்பீர்கள். வாய் திறக்காதவன் பொய் சொல்ல முடியுமா? அமெரிக்க சிகரெட் பெட்டிகளின் வரலாற்றைப் பார்த்தால் முடியும் என்றுதான் தோன்றுகிறது.

1920-களில் ஒஹையோவைச் சேர்ந்த லாயிட் ஹியூஸ் என்பவர் புகையிலையில் மெந்தால் கலந்தார். நம்ம வீட்டுத் தைலத்தில் ஜில்லென்று இருக்குமே, அதேதான். 1933-ல் 'கூல்' வந்தது. விளம்பரத்தில் ஒரு பென்குயின். சளி பிடித்தால் இதற்கு மாறுங்கள் என்றுகூடச் சொன்னார்கள்! 1956-ல் 'சேலம்' (நம்ம சேலம் இல்லைங்க). பச்சையும் வெள்ளையுமான பெட்டி, விளம்பரம் முழுக்க வசந்த காலம். புகைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஆய்வுகள் 1950-லேயே வந்துவிட்டன என்பதை நினைவில் வையுங்கள். மெந்தால் தொண்டை எரிச்சலை மறைக்கிறது, அவ்வளவுதான். புகையில் உள்ள நஞ்சு அப்படியே இருக்கிறது.

அதே ரெனால்ட்ஸ் கம்பெனி பின்னாளில் 'ட்விஸ்ட்டா லைம்', 'வார்ம் விண்டர் டாஃபி' என்று கேமல் சிகரெட்டுகளைப் பளபளக்கும் தகர டப்பாவில் விற்றது. டாஃபி என்ற சொல்லுக்கு யார் பயப்படுவார்கள்? தினமும் புகைக்கும் அமெரிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள் என்கிறது 2012 சர்ஜன் ஜெனரல் அறிக்கை. டப்பா யாரைக் கூப்பிட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாநில அட்டர்னி ஜெனரல்கள் நெருக்க, 2006-ல் இவை நிறுத்தப்பட்டன.

2009 செப்டம்பர் 22 முதல் பழம், மிட்டாய், கிராம்புச் சுவை சிகரெட்டுகளுக்கு நாடு முழுக்கத் தடை. மெந்தாலுக்கு மட்டும் விலக்கு! கிராம்பு சிகரெட் ஏற்றுமதி செய்யும் இந்தோனேசியா சும்மா இருக்குமா? உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. இரண்டுமே புகையிலையின் கரகரப்பை மறைத்து இளைஞர்களை இழுப்பவை, ஒன்றை மட்டும் தடுப்பது பாரபட்சம் என்று 2012-ல் தீர்ப்பு. அமெரிக்கப் பாராளுமன்றம் சொல்லத் தயங்கியதை ஒரு வணிக வழக்கு சொல்லிவிட்டது. ஆனாலும் 2014-ல் சமரசம் பேசி முடித்தார்கள், மெந்தால் தப்பியது. 2022-ல் அதைத் தடை செய்ய முன்மொழிந்து, 2025 ஜனவரியில் அதையும் திரும்பப் பெற்றார்கள்.

அதே சட்டப்படி 2010 ஜூன் முதல் 'லைட்ஸ்' என்று பெட்டியில் போடக் கூடாது. மார்ல்பரோ லைட்ஸ் உடனே மார்ல்பரோ கோல்ட் ஆனது. இனிமேல் தங்க நிறப் பெட்டி என்று கேளுங்கள் என்று கம்பெனியே பெட்டியோடு சீட்டு வைத்து அனுப்பியது.