பழைய பேசும் படங்களில் காக்கிச் சட்டை

1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘சதி லீலாவதி’ என்னும் தமிழ்ப் பேசும் படம் வெளிவந்தது. அதிலே ரங்கையா நாயுடு என்று ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார். வருவதும் சிறிது நேரம். பேசுவதும் சில வார்த்தை. அவ்வேடத்தைத் தாங்கிய இளைஞர் 1917இல் நமது நாவலப்பிட்டியிலே பிறந்து, தமிழகம் சென்று, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கொம்பனி என்னும் நாடகக் குழுவிலே வளர்ந்தவர். அவரே எம். ஜி. இராமச்சந்திரன். அவர் நடித்த முதற் படம் இதுதான். 1977இல் ஒரு மாநிலத்தின் பொலிஸ் படை முழுவதற்கும் மேலாக முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர், திரையிலே முதன்முதல் உடுத்தது ஓர் இன்ஸ்பெக்டரின் உடுப்பு.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. கொலையும் சூதும் நிறைந்த கதையிலே, குற்றவாளியைத் தேடவேண்டிய இன்ஸ்பெக்டருக்கு ஏன் இத்துணைச் சிறிய வேலை?

அதே காலத்தில் அமெரிக்காவிலே குற்றப் படங்கள் மலிவுச் சரக்காக வந்து குவிந்துகொண்டிருந்தன. ஒரே சீட்டுக்கு இரண்டு படம் காட்டும் வழக்கம் அங்கே பரவியிருந்தது. பெரிய நட்சத்திரங்கள் நடித்த முதற் படத்துக்குத் துணையாக, ஒரு மணி நேரத்தில் முடியும் இரண்டாம் படம் ஒன்று வேண்டும். அதனைச் சில்லறைக் கொம்பனிகள் ஒரு வாரம் பத்து நாளுக்குள்ளே எடுத்து முடித்துவிடும். ஓர் அலுவலக அறை, ஒரு தெரு, ஒரு மோட்டார் வண்டி, இரண்டு துப்பாக்கி இருந்தாற் போதும். பொலிஸ் கதைக்கு அரண்மனையும் வேண்டாம், யானையும் வேண்டாம். அங்கே பொலிஸ்காரரே கதாநாயகர். அவர் பின்னாலேயே கமெரா ஓடும்.

தமிழ்ப் படத்துக்கு இந்த அளவு பொருந்தவில்லை. ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி பிலிம் ஓடும். ஒரு மணி நேரப் படமென்றால் 5,400 அடி போதும். தமிழ் இரசிகரோ கொடுத்த காசுக்கு இரண்டரை மூன்று மணி நேரத்தையும், அதனுள்ளே நிறையப் பாட்டுகளையும் எதிர்பார்த்தார். 15,000 அடிக்குக் கொலையாளியைத் துரத்திக்கொண்டே ஓட முடியாது. ஆகவே மனைவியின் கண்ணீர், மாமியின் கொடுமை, தாசியின் வலை, கோமாளியின் கூத்து எல்லாம் உள்ளே வந்தன. துப்பறிதல் ஒரு மூலையிலே ஒதுங்கிக்கொண்டது. எனினும் சிக்கனம் இங்கேயும் இருந்தது. புராணப் படத்துக்குக் கிரீடமும் தேரும் வேண்டும். சமூகக் கதைக்கு வேட்டியும் கோட்டும் போதும். நாடகக் கொம்பனி ஒன்றை நடிகர் முதல் வாத்தியக்காரர் வரை அப்படியே ரயிலேற்றி அழைத்துச் சென்றுவிட்டால், ஒத்திகைச் செலவும் மிச்சம்.

1935இல் வந்த ‘மேனகா’ அவ்வாறு எடுக்கப்பட்டது. டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையில் நடித்துப் பழகிய நாடகத்தை ராஜா சாண்டோ இயக்கினார். கதை வடுவூர் துரைசாமி ஐயங்காருடைய நாவல். அதே ஆண்டில் ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ படமாயிற்று. மறு ஆண்டில் அவருடைய ‘சந்திரகாந்தா’. இந்த நாவலாசிரியர்களை இலக்கியப் புலவர்கள் மதிக்கவில்லை. ஆனால் தமிழ் மக்களை நாவல் படிக்கப் பழக்கியதிலே இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனை மறைப்பது நியாயமன்று.

‘மேனகா’ நாவலிலே கல்முனைக்குடி வாசகர் ஒருவரைச் சட்டென்று நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. கதாநாயகி வஞ்சனையாக நைனா முகம்மது மரக்காயர் என்னும் செல்வரின் வீட்டிலே சேர்க்கப்படுகிறாள். மரைக்காயர் என்றால் இக்கரையிலே பள்ளிவாசற் காரியங்களுக்குக் குடியின் சார்பிலே பொறுப்பேற்கும் பெரியவர். அந்தப் பெயர் ஒரு தீயவனுக்குச் சூட்டப்பட்டிருப்பதைப் படிக்கையில் மனம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் அவளைக் காப்பாற்றுவது யார்? அதே வீட்டு மனைவி நூர்ஜஹான். அங்கே பொலிஸ் இல்லை. ஒரு பெண்ணின் மனச்சாட்சி அந்த வேலையைச் செய்கிறது.

‘சதி லீலாவதி’யிலும் இதே நிலைதான். எஸ். எஸ். வாசன் எழுதிய அக்கதைக்கு மூலம், மிஸிஸ் ஹென்றி வுட் என்னும் ஆங்கில மாது 1860இல் மதுவிலக்குச் சங்கத்தாரிடம் நூறு பவுண் பரிசு பெற்ற ஒரு நாவல். இயக்கியவர் தமிழே தெரியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். குடிக்கு அடிமையான செல்வன், தானே நண்பனைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக நம்பி, இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்திலே கூலியாகிறான். படத்தை எழுதியவர்களுக்கு இலங்கை என்பது பெயரைத் தொலைத்துவிட்டு ஒளியத்தக்க ஒரு தேசம். உண்மையிலோ, தோட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரும் மண்டபம் முகாமிலே நிறுத்தப்பட்டு, வைத்தியர் பார்த்து, பதிவுபண்ணியே கப்பலேற்றப்பட்டனர். விழிப்பான ஓர் இன்ஸ்பெக்டர் மண்டபத்துக்கு ஒரு தந்தி அடித்திருந்தால், படம் பாதியிலே முடிந்திருக்கும்! ரங்கையா நாயுடு அதைச் செய்யவில்லை. முடிவிலே நீதிமன்றத்தில் உண்மையை அவிழ்ப்பவரும் அவரல்லர், வேறொரு துப்பறிபவர்.

இதற்குக் கதையாசிரியரின் பழக்கம் ஒரு காரணம். மற்றொரு காரணம் அரசாங்கத்தின் தணிக்கை. 1918ஆம் ஆண்டின் இந்திய சினிமாச் சட்டப்படி சென்னையில் அமைந்த தணிக்கைச் சபைக்குத் தலைமை வகித்தவர் நகரப் பொலிஸ் கமிஷனரே. பொலிஸ்காரர் திரையிலே எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைப் பொலிஸ் தலைவரே முடிவுசெய்தார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது தொண்டர்களைத் தடியால் அடித்த காக்கிச் சட்டையைச் சனங்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். திரையில் அதனைக் கொடியவனாகக் காட்டினால் கமிஷனர் விடமாட்டார். வீரனாகக் காட்டினால் சனங்கள் நம்பமாட்டார்கள். படமெடுப்பவர் என்ன செய்வார்? இன்ஸ்பெக்டரைக் கடைசியிலே விலங்கோடு வரச்செய்துவிட்டு, மூளையுள்ள வேலையைத் தனியார் துப்பறிவோரிடமும் சாமியாரிடமும் ஒப்படைத்தார்.

கதையிலே அந்தச் சாமியார் தவறாமல் வந்துவிடுவார். வாழ்க்கையிலே அப்படி நடப்பதில்லை. ‘மேனகா’விலும் ‘சதி லீலாவதி’யிலும் சிரிக்கவைத்த என். எஸ். கிருஷ்ணன், 1944இல் பத்திரிகைக்காரர் இலட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்ட வழக்கிலே, எம். கே. தியாகராஜ பாகவதருடன் கைதானார். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றமும் முதலில் அதனை உறுதிசெய்தது. இலண்டன் பிரிவி கவுன்ஸில் வழக்கைத் திருப்பி அனுப்பிய பின்னரே, 1947இல் விடுதலையானார்கள். வேடம் மாறிவந்து உண்மையைச் சொல்ல எவரும் இல்லை. சட்டத்தரணிகளும் மனுக்களும் சிறையிலே கழிந்த நாட்களுமே இருந்தன. பாகவதரின் புகழ் அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை.

1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ கதையை எடுத்தபோதும் பழைய முறையே தொடர்ந்தது. எம். என். நம்பியார் வேடத்துக்குமேல் வேடம் மாற்றித் துப்பறிந்தார். பிற்காலத்திலே வில்லனாகவே அறியப்பட்டவர் நீதிக்காக அலைவதைக் காண்பது ஒரு தனி இன்பம்.

1951இல் தணிக்கை சென்னைப் பொலிஸ் கமிஷனரின் கையை விட்டு இந்திய மத்திய சபைக்குச் சென்றது. மூன்று ஆண்டு கழித்து, 1954இல், ஏவி.எம். நிறுவனத்தின் ‘அந்த நாள்’ வந்தது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று சாதிக்க முடியாது. ஆயினும் வரிசை கவனிக்கத்தக்கது. எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. 1943இல் ஜப்பானியர் சென்னையிலே குண்டு வீசிய நாளை ஒட்டி ஒரு வானொலி எஞ்சினியர் சுடப்பட்டுக் கிடக்கிறார். ஜாவர் சீதாராமன் நடித்த சி.ஐ.டி. அதிகாரி, வீட்டிலுள்ளோரையும் அயலாரையும் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அந்த நாளைச் சொல்கிறார்கள். அவர் வேடம் போடுவதில்லை, அறிவுரை கூறுவதில்லை, கேட்கிறார், கேட்டதைச் சரிபார்க்கிறார். இறந்தவர் எதிரிக்குச் செய்தி அனுப்பிய தேசத்துரோகி என்பதும், சுட்டது அவருடைய மனைவியே என்பதும் அவ்வாறே வெளிப்படுகின்றன.

படத்துக்கு இந்திய அரசின் நற்சான்று கிடைத்தது. வசூல் கிடைக்கவில்லை. பாட்டு எங்கே என்று கேட்டார்கள் இரசிகர்கள்.